ஓசிடி: தூக்க மாத்திரை கேக்குது, செர்ட்ராலின் கேக்கல. எதை நிறுத்துறது?

திருமங்கலத்தான் கேட்டது:

வணக்கம். தம்பிக்கு வயசு 24. மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில மெஷின் ஆபரேட்டர், ஷிஃப்ட் வேலை. கை கழுவுறது, கேஸையும் கதவுத் தாழ்ப்பாளையும் திரும்பத் திரும்பப் போய்ப் பாக்குறதுன்னு ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் போயிருது. மனநல டாக்டர் ஓசிடின்னு (எண்ண சுழற்சி நோய்) சொல்லி, செர்ட்ராலின் 50 மி.கி. காலையில ஒண்ணு, க்ளோனாசெபம் 0.25 மி.கி. ராத்திரி ஒண்ணு எழுதியிருக்காரு. மூணு வாரம் ஆச்சு.

ராத்திரி மாத்திரை போட்டா அரை மணி நேரத்துல அடங்கித் தூங்கிடுறான். காலை மாத்திரையால ஒரு பிரயோஜனமும் தெரியல. முதல் வாரம் வயித்தால போச்சு, குமட்டல் இருந்துச்சு, படபடப்பு கூடத்தான் செஞ்சது. இந்த லட்சணத்துல அடுத்த தடவை அதை 100 ஆக்கணும்னு டாக்டர் சொல்றாரு. "கேக்குற மாத்திரைய வச்சுக்கிட்டு கேக்காததை நிறுத்துங்கப்பா, அளவை ஏத்திக்கிட்டே போனா அடிமையாயிருவான்"னு வீட்டுல எல்லாரும் ஒரே பேச்சு. அப்படிச் செய்யலாமா? எத்தனை நாள் பாத்துட்டு இது கேக்கலன்னு முடிவு பண்றது?

கூடவே இன்னொண்ணு. அம்மாவுக்கு 62 வயசு, பிரஷர் மாத்திரை போடுறாங்க. படபடப்பு, தூக்கமில்லன்னு பக்கத்து க்ளினிக்ல ஒரு அட்டை குடுத்துருக்காங்க. எஸ்சிடலோப்ராம், க்ளோனாசெபம்னு ரெண்டு மருந்துப் பேரும் அட்டையில இருக்கு. இது தம்பி போடுற மாத்திரைதானா?

---

செல்லூர் மருந்துக்கடை பதில்:

வீட்டுல சொல்றது அப்படியே தலைகீழ். கேக்குதுன்னு நினைக்கிற மாத்திரைதான் ஓசிடிக்குக் கேக்காத மாத்திரை.

க்ளோனாசெபம் பென்சோடயசெபீன் வகை. மூளையோட பரபரப்பை ஒட்டுமொத்தமாக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தும், அதான் அரை மணியில அடங்குறான். கழுவியே ஆகணும்ங்குற உந்துதலையோ, பூட்டுனமா இல்லையாங்குற சந்தேகத்தையோ அது தொடாது. தூங்குறவனுக்குக் கை கழுவத் தோணாது, அவ்வளவுதான் அங்க நடக்குறது. செர்ட்ராலின் ஆரம்பிச்ச புதுசுல படபடப்பு கூடும்னு டாக்டருக்கு முன்கூட்டியே தெரியும். அந்த ரெண்டு மூணு வாரத்தைத் தாண்டுறதுக்காகச் சின்ன அளவுல இதைச் சேர்த்து எழுதுவாங்க. மாசக்கணக்காப் போட்டா அதே அளவு பத்தாமப் போகும். பழகினப்புறம் பட்டுன்னு நிறுத்தினா தூக்கம் போகும், கை நடுங்கும், பெரிய அளவுல போட்டவங்களுக்கு வலிப்பு வரைக்கும் வரலாம். வீட்டுல பயப்படுற "அடிமை" சமாச்சாரம் இதுக்குத்தான் பொருந்தும், செர்ட்ராலினுக்கு இல்ல.

இதனாலதான் இந்த வகையில அல்ப்ராசோலம் மாதிரி சிலது ஹெச் ஒன்ங்குற மருந்துக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு. க்ளோனாசெபத்தையும் சீட்டு இல்லாமக் குடுக்கக் கூடாது. ஹெச் ஒன் மருந்துன்னா எழுதுன டாக்டர் யாரு, யாருக்கு, எத்தனைன்னு தனி ரெஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். பழைய சீட்டை நீட்டி "இன்னும் ஒரு அட்டை குடுங்கண்ணே"ன்னா கடைக்காரர் மூஞ்சி மாறுறது அதுக்காகத்தான், கோவிச்சுக்காதீங்க.

அதுக்காக இன்னைக்கே அதைத் தூக்கிப் போட்டுறவும் வேண்டாம். எப்பக் குறைக்கணும், எப்படிக் குறைக்கணும்னு அடுத்த தடவை டாக்டர்கிட்ட நேராக் கேட்டு, தேதியோட சீட்டுல எழுதி வாங்கிருங்க. சீட்டுல முடிவுத் தேதி இல்லாத தூக்க மாத்திரைதான் வருஷக்கணக்கா நீளுறது.

மெஷின்ல நிக்கிற ஆளுங்குறதால இதையும் சொல்லிர்றேன். க்ளோனாசெபம் உடம்பை விட்டுப் பாதி குறையவே 30, 40 மணி நேரம் ஆகும். தினம் போட்டா சேர்ந்துக்கிட்டே வரும். காலை ஷிஃப்டுக்கு ரிங் ரோட்டுல வண்டி ஓட்டிக்கிட்டுப் போறப்ப அசதி, கவனக்குறைவு இருக்கான்னு பாருங்க. நைட் ஷிஃப்ட் வாரத்துல அதை எப்பப் போடுறது, போடணுமா வேண்டாமான்னு டாக்டர்கிட்டயே கேக்கணும். "ராத்திரி ஒண்ணு"ன்னு எழுதுனவருக்கு இவன் ராத்திரி முழிச்சு வேலை பாக்குறது தெரியாமக்கூட இருக்கலாம். மது தொட்டா இந்த மாத்திரையோட சேர்ந்து மூச்சையே மந்தமாக்கும். அதுல சமரசமே கிடையாது.

செர்ட்ராலினை சாப்பாட்டுக்குப் பின்னாடி குடுங்க, குமட்டல் பாதி குறையும். வயித்தால போறது இந்த மருந்துல சகஜம், ரெண்டு வாரத்துக்குள்ள பெரும்பாலும் நின்னுரும். தூக்கம் கெட்டா காலையில, அசத்துனா ராத்திரி. ஷிஃப்ட் எப்படி மாறினாலும் மாத்திரை நேரத்தை மாத்தாதீங்க, 24 மணி நேரத்துக்கு ஒண்ணுங்குற கணக்கு முக்கியம். காலை 10 மணின்னு வச்சா மூணு ஷிஃப்டுக்குமே சமாளிக்கலாம். மறந்துட்டா அன்னைக்கே ஞாபகம் வந்த உடனே போடலாம், அடுத்த வேளை நெருங்கிருச்சுன்னா விட்டுறணும். ரெண்டாச் சேர்த்துப் போடவே கூடாது.

கம்பெனி மாறினா கலரும் வடிவமும் மாறும். அதுல பயப்பட ஒண்ணுமில்ல, மருந்துப் பேரும் மி.கி.யும் ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாருங்க. பேர் வச்ச கம்பெனி மாத்திரைக்கும் ஜன் ஔஷதி மாத்திரைக்கும் உள்ள இருக்குற மருந்து ஒண்ணுதான். வருஷக்கணக்குல போடப் போற மருந்துக்கு விலை வித்தியாசம் சும்மா இல்ல.

---

வார்டு ரவுண்ட்ஸ் பதில்:

மருந்தாளுநர் சொன்னதோடு எனக்கு மாறுபாடு இல்லை. அளவையும் காலத்தையும் மட்டும் விரிவாகச் சொல்கிறேன். "மாத்திரை பலிக்கவில்லை" என்று வருகிறவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் 50 மி.கி.யிலேயே பலருக்குத் தெளிவு வந்துவிடும். ஓசிடிக்கு அது ஆரம்பப் படி மட்டுமே. குறைந்தது ஒரு வார இடைவெளி விட்டு 50, 50 ஆக ஏற்றி, பலருக்கு 150, 200 வரை போக வேண்டியிருக்கும். 200 உச்சவரம்பு. ஃப்ளூவாக்ஸெட்டின் என்றால் 40 முதல் 60, உச்சம் 80. ஃப்ளூவாக்ஸமின் 300 வரை போகும். எஸ்சிடலோப்ராம் வழக்கமாக 20. உங்கள் மருத்துவர் 100 ஆக்குகிறேன் என்பது மருந்து தோற்றதால் அல்ல, உங்கள் தம்பி இன்னும் மருந்தின் வாசலிலேயே நிற்கிறார் என்பதால். அளவு ஏறுவதும் அடிமையாவதும் வேறு வேறு. போதைப் பழக்கத்தில் கிடைத்த பலன் தேய்ந்துபோவதால் அளவு ஏறும். இங்கே பலன் தொடங்கும் இடத்தைத் தேடி ஏற்றுகிறோம், கிடைத்ததும் அங்கேயே நிறுத்திவிடுவோம்.

காலக்கணக்கு இது: ஒரு மருந்து பலிக்கவில்லை என்று சொல்ல மொத்தம் 10 முதல் 12 வாரம் ஆகியிருக்க வேண்டும். அதில் குறைந்தது 4 முதல் 6 வாரம் உடம்பு தாங்கும் அதிகபட்ச அளவில் இருந்திருக்க வேண்டும். மூன்று வாரம், 50 மி.கி. என்பதிலிருந்து ஒன்றே ஒன்றுதான் தெரியும்: மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது. அதுவே நல்ல சேதிதான்.

பலன் எப்படி வரும் என்று தெரியாமல் காத்திருந்தால் வந்ததுகூடக் கண்ணில் படாது. "எண்ணம் நின்றதா?" என்று கேட்காதீர்கள். எண்ணம் வந்துகொண்டேதான் இருக்கும், அதன் பிசுபிசுப்பு முதலில் குறையும். ஐந்து முறை பார்த்த தாழ்ப்பாளை மூன்று முறையோடு விட முடியும், கழுவுவதைப் பத்து நிமிடம் தள்ளிப்போட முடியும், குளியல் ஒன்றரை மணியிலிருந்து ஒரு மணிக்கு இறங்கும். நாங்கள் இதை ஒய்பாக்ஸ் என்ற பத்துக் கேள்வி அளவுகோலில் 40-க்கு மதிப்பெண் போட்டுப் பார்ப்போம். 35 சதவீதம் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். 28 இருந்தவருக்கு 18 வந்தால் போதும், பூஜ்யம் தேவையில்லை. வீட்டில் ஒரு நாட்காட்டித் தாளில் அன்றன்று கழுவப் போன மொத்த நிமிடத்தை மட்டும் எழுதி வாருங்கள். "பரவாயில்ல சார்" என்ற பதிலை விட அந்தத் தாளை வைத்து நன்றாக முடிவெடுக்கலாம்.

முதல் மருந்தில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நல்ல பலன் கிடைக்கும். மற்றவர்களுக்கு இதே எஸ்எஸ்ஆர்ஐ வகையில் (மூளையில் செரடோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டும் மருந்துகள்) இன்னொன்று. அதுவும் சரிவராவிட்டால் க்ளோமிப்ரமின், உச்சம் 250 மி.கி. ஓசிடிக்குக் கைகண்ட பழைய மருந்து. ஆனால் வாய் உலரும், மலம் இறுகும், தலை சுற்றும், அளவு மீறினால் வலிப்பு வரலாம். இதயத் துடிப்பையும் பாதிக்கக் கூடியது என்பதால் ஈசிஜி பார்க்காமல் ஏற்றக் கூடாது. எஸ்எஸ்ஆர்ஐயோடு ரிஸ்பெரிடோன் அல்லது அரிப்பிப்ரசோலைச் சிறு அளவில் சேர்ப்பதும் உண்டு. கூகுளில் தேடி "இது மனச்சிதைவு மாத்திரை" என்று பதறி நிறுத்துவது வழக்கமாக நடக்கிற ஒன்று. இங்கே அதன் வேலை வேறு.

இரண்டு எச்சரிக்கை. வயது 24 என்கிறீர்கள். 25-க்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களிலும் அளவு மாற்றும் ஒவ்வொரு முறையும் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று வீட்டில் கவனிக்க வேண்டும். இருக்க முடியாமல் தவிப்பது, எரிந்து விழுவது, "இருந்து என்ன" என்ற பேச்சு, எது தெரிந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ராத்திரி யாரும் கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நேராக அவசரப் பிரிவு. இன்னொன்று, தூக்கமே தேவைப்படாமல் உற்சாகம் பொங்கி, நிறுத்தாமல் பேசி, காசை வாரி இறைக்க ஆரம்பித்தால் அது குணமல்ல. இருமுனைக் கோளாறு ஒளிந்திருந்து மருந்தால் வெளிப்படுகிறது. குடும்பத்தில் யாருக்காவது அது இருந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

---

உசிலை மறவன் பதில்:

மூணு வாரமா க்ளோனாசெபம் குடுக்குறதே தப்பு. அதை இன்னைக்கே நிறுத்துங்க. ஓசிடிக்கு அது எந்த வழிகாட்டுதல்லயும் கிடையாது.

---

வார்டு ரவுண்ட்ஸ் பதில்:

ஓசிடிக்கான சிகிச்சை இல்லை என்பது சரி. இன்றே நிறுத்து என்பது சரியல்ல. 0.25 மி.கி. மூன்று வாரம் என்பது சின்ன அளவுதான், ஆனாலும் எழுதியவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் இரண்டு ராத்திரி தூக்கம் கெடும். அந்தத் தூக்கக்கேட்டைப் பார்த்து "செர்ட்ராலின்தான் பதட்டத்தைக் கிளப்புது" என்று வீட்டில் முடிவுகட்டி இரண்டையும் நிறுத்துவார்கள். ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்வது நல்லது. செர்ட்ராலினை ஏற்றும் அதே வாரத்தில் இதைக் குறைத்தால் எது எதனால் என்று யாருக்கும் பிடிபடாது.

---

படிக்கட்டு பதில்:

எல்லாரும் மாத்திரையையே பேசுறோம். கூடவே ஈஆர்பி பயிற்சி நடக்கலேன்னா மருந்து பாதி வழியில நின்னுரும். பயம் வர்ற இடத்துக்குத் தெரிஞ்சே போறது, போனப்புறம் வழக்கமாச் செய்யுற சடங்கைச் செய்யாம இருக்குறது, இதான் ஈஆர்பி. சிகிச்சை உளவியலாளர்கிட்ட கத்துக்கிட்டு வீட்டுல தினம் செய்யணும்.

எப்படின்னா, பயத்தை 0-லிருந்து 100 வரைக்கும் மார்க் போட்டு ஒரு பட்டியல் எழுதணும். வாசல் கதவுக் கைப்பிடி 30, வீட்டுச் செருப்பு 45, டவுன் பஸ் கம்பி 60, மாட்டுத்தாவணி கட்டணக் கழிப்பறைத் தாழ்ப்பாள் 90, இப்படி அவன் மனசுல இருக்குற வரிசை. 30, 40 மார்க்குல ஆரம்பிச்சு, தொட்டுட்டுக் கழுவாம உக்காரணும். பதட்டம் ஏறும், உச்சிக்குப் போகும், முக்கால் மணி, ஒரு மணியில தானா இறங்கும். அது இறங்குறதுக்கு முன்னாடி எழுந்து போய்க் கழுவுனா அன்னைக்குப் பயிற்சி வீண். கழுவுனதாலதான் தப்பிச்சோம்னு மூளை இன்னும் நல்லாப் பாடம் பண்ணிக்கும். இந்த நேரத்துல க்ளோனாசெபம் போட்டுட்டு உக்காந்தாலும் அதே கதைதான், பதட்டம் தானா இறங்கும்னு கத்துக்க விடாம மாத்திரை குறுக்க வந்துரும்.

சடங்கு வேஷம் மாத்தி வரும், அங்கதான் ஏமாறுவாங்க. தண்ணிக்குப் பதிலா சானிடைசர். சானிடைசரைப் புடுங்குனா கையைச் சட்டையில ரகசியமாத் துடைக்கிறது. அதுவும் போச்சுன்னா மனசுக்குள்ள ஒரு வார்த்தையை ஏழு தடவை சொல்றது. கேஸ் விஷயத்துல இப்ப புதுசா ஒண்ணு: வால்வை மூடிட்டு போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, ஷிஃப்டுல பத்துத் தடவை அந்த போட்டோவைப் பெருசாக்கிப் பாக்குறது. வீட்டுக்குத் திரும்ப வரல, அதனால முன்னேற்றம்னு தோணும். அதுவும் சரிபார்க்குறதுதான். வால்வை ஒரு தடவை திருகணும், கையை எடுக்கணும், நடக்கணும், போட்டோ கூடாது.

வீட்டு ஆளுங்க செய்யுறதை நிறுத்துறதுதான் கஷ்டம். அவன் கையில படாம இருக்கக் குழாயைத் திறந்து விடுறது, தனித் துண்டு, தனித் தட்டு, "பூட்டிட்டேன்டா, நானே பாத்தேன்"னு நாளைக்கு இருபது தடவை பதில் சொல்றது, எல்லாமே அன்புலதான் செய்யுறோம். எல்லாமே ஓசிடிக்குத் தீனி. ஆனா ஒரே நாள்ல எல்லாத்தையும் நிறுத்தி அவனைத் தவிக்க விடாதீங்க. அவன் தெளிவா இருக்குற நேரத்துல உக்கார வச்சுப் பேசி, "இந்த வாரத்துல இருந்து பூட்டுனமான்னு கேட்டா ஒரு தடவைதான் பதில், ரெண்டாவது தடவை கேட்டா இது ஓசிடி கேக்குற கேள்வின்னு மட்டும் சொல்லுவேன்"னு ஒப்பந்தம் போடுங்க. அதைச் சண்டை தொனியில சொல்லக் கூடாது.

தீட்டு, மடி, சுத்தம்னு இருக்குற வீடுன்னா எது வழக்கம், எது நோய்னு வீட்டுலயே குழப்பம் வரும். ஒரு எளிய கோடு இருக்கு. துக்க வீட்டுக்குப் போய்ட்டு வந்தா வீட்டுல மத்தவங்க எத்தனை தடவை குளிக்கிறாங்களோ அத்தனை. எல்லாரும் ஒரு தடவை குளிச்சா அவனும் ஒரு தடவைதான், ரெண்டாவது நோய். சிலருக்கு மீனாட்சி சன்னதியில நிக்கிறப்பவே வாய்ல சொல்ல முடியாத அசிங்கமான எண்ணம் வரும், அதைப் பாவம்னு நினைச்சு டாக்டர்கிட்டக்கூட மறைப்பாங்க. அதுவும் ஓசிடிதான், இதே மாத்திரையும் பயிற்சியும் அதுக்கும் உண்டு. பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கயிறு கட்டுறதுன்னா கட்டிக்கங்க, யாரும் வேண்டாம்னு சொல்லல. கயிறு கட்டியாச்சுன்னு மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க.

50 மி.கி.யில பட்டியலைக் கையிலயே எடுக்க முடியாதவன் 150 வந்தப்புறம் 40 மார்க் வேலையை உக்காந்து செய்வான். பயிற்சிய எப்ப ஆரம்பிக்கணும்னு கேட்டா, அளவு ஏற ஆரம்பிச்ச உடனேன்னுதான் சொல்லுவேன்.

---

திருமங்கலத்தான் பதில்:

எல்லாருக்கும் நன்றி. போட்டோ எடுக்குறதை அப்படியே புட்டு வச்சுட்டீங்க, தம்பி போன்ல அந்த வால்வு போட்டோதான் நூத்துக்கணக்குல கிடக்கு. அடுத்த வாரம் 100 ஆக்கச் சம்மதிச்சுட்டோம். இன்னும் ரெண்டு சந்தேகம். கல்யாணப் பேச்சு ஓடுது, அதுக்குள்ள நிறுத்த முடியுமா? அம்மாவோட பிரஷர் அட்டையில டெல்மிசார்ட்டான் கூட ஹைட்ரோகுளோரோதயசைடுன்னு இருக்கு. முட்டி வலிக்கும் அப்பப்ப ஏதோ மாத்திரை வாங்கிப் போடுறாங்க. வீசிங் உண்டு. பக்கத்து வீட்டுல படபடப்புக்கு ப்ராப்ரனலால் நல்லாக் கேக்குதுன்னு சொல்றாங்க.

---

வார்டு ரவுண்ட்ஸ் பதில்:

கல்யாணத்துக்காக நிறுத்துவதுதான் நம் பக்கத்தில் திரும்ப நோய் வர ராஜபாட்டை. பெண் பார்க்கும் வாரத்தில் மாத்திரையை ஒளிப்பார்கள், நிச்சயத்துக்கு முன் நிறுத்துவார்கள், தாலி கட்டிய சில மாதத்தில் குளியலறைக் கதவுக்கு வெளியே புது மனைவி நிற்பார். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஒன்றிலிருந்து இரண்டு வருடம் அதே அளவில் தொடர வேண்டும். பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. மாத்திரை போட்டு வேலைக்குப் போகிறவரைப் பற்றிச் சொல்வது, நிறுத்தி மோசமான பிறகு சொல்வதை விட எளிது.

இதோடு சேர்ந்தது, யாரும் வாய் திறந்து கேட்காதது: இந்த வகை மருந்துகளால் பாலுறவில் நாட்டம் குறையலாம், ஆண்களுக்கு விந்து வெளியேறத் தாமதமாகலாம். பிற பக்கவிளைவுகள் போல இது சில வாரத்தில் தானாகச் சரியாவது குறைவு. வெட்கப்பட்டுத் தானே நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவைச் சரிசெய்யலாம், மருந்தை மாற்றலாம். கல்யாணத்துக்கு முன்பே உங்கள் தம்பியோடு தனியாக இதைப் பேசச் சொல்லுங்கள்.

நிறுத்தும் காலம் வரும்போது பையப் பைய. ஒவ்வொரு படியிலும் கால்பங்குக்கு மேல் குறைக்காமல், ஒன்று இரண்டு மாதம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு அடுத்த படி. திடீரென்று விட்டால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்தாற்போல் சொடுக்கு, குமட்டல், கெட்ட கனவு, எரிச்சல் வரும். நாள் கணக்கில் வந்து, மாத்திரை போட்டதும் ஓரிரு நாளில் அடங்கினால் அது விட்டதன் விளைவு. வாரங்கள் கழித்துக் கழுவுவது மெல்லக் கூடினால் அது நோய் திரும்புவது. பராக்ஸெட்டினில் இந்தத் தொல்லை அதிகம். ஃப்ளூவாக்ஸெட்டின் உடம்பில் வாரக்கணக்கில் தங்குவதால் அதில் குறைவு.

---

செல்லூர் மருந்துக்கடை பதில்:

அம்மா விஷயத்துக்கு வர்றேன், இதுல நாலு முடிச்சு இருக்கு.

எஸ்சிடலோப்ராமும் செர்ட்ராலினும் ஒரே எஸ்எஸ்ஆர்ஐ குடும்பம், ஆனா ஒரே மாத்திரை இல்ல, மாத்திக் குடுத்துறாதீங்க. அம்மாவோடது கூட்டு மாத்திரை, ஒரே வில்லையில எஸ்சிடலோப்ராம் 5 இல்ல 10 மி.கி., கூட க்ளோனாசெபம். கூட்டு மாத்திரையில தூக்க மருந்தை மட்டும் நிறுத்த வழியில்ல. ஒண்ணை விட்டா ரெண்டும் போயிரும், ஒண்ணைத் தொடர்ந்தா ரெண்டும் தொடரும். பதட்ட நோய்க்கு எஸ்சிடலோப்ராம் மாசக்கணக்கா வேணும், க்ளோனாசெபம் சில வாரத்துக்கு மேல வேண்டாம். 62 வயசுல ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து தள்ளாடி விழுந்தா இடுப்பு எலும்பு போயிரும். ரெண்டையும் தனித்தனியா எழுதித் தர முடியுமான்னு கேளுங்க.

அடுத்து அந்த ஹைட்ரோகுளோரோதயசைடு. அது உப்பை வெளியேத்துற நீர் மாத்திரை. எஸ்எஸ்ஆர்ஐயும் வயசானவங்களுக்கு ரத்தத்துல சோடியத்தைக் குறைக்கும். ரெண்டும் சேர்ந்தா முதல் சில வாரத்துலயே சோடியம் இறங்கலாம். சாதாரணமா 135-லிருந்து 145 வரைக்கும் இருக்கணும். அசதி, தலைவலி, குமட்டல், பேச்சுல தடுமாற்றம், நடையில தள்ளாட்டம்னு வந்தா சித்திரை வெயில்னு நினைச்சுத் தண்ணியா ஊத்திக் குடுக்காதீங்க, இன்னும் குறையும். ஆரம்பிச்ச ரெண்டாவது வாரவாக்குல சோடியம் டெஸ்ட் எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, மாத்தணும்னா டாக்டரே மாத்துவாரு.

முட்டி வலி மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்க. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென், அசிக்ளோஃபெனாக்னு இருந்தா எஸ்எஸ்ஆர்ஐயோட சேர்ந்து வயித்துல ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும். கறுப்பா வெளிக்குப் போனா உடனே ஆஸ்பத்திரி. ட்ராமடால்னு இருந்தா அதைவிட மோசம், செரடோனின் எக்கச்சக்கமாகி காய்ச்சல், வேர்வை, நடுக்கம், தசை வெட்டி இழுக்குறது, குழப்பம்னு ஒரே நாள்ல முத்திரும். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருக்குற வறட்டு இருமல் சிரப்பும் இதே கணக்குல சேரும். இது தம்பிக்கும் பொருந்தும். வலிக்கு பாரசிட்டமால் போதும்னா அதோட நிறுத்திக்கங்க.

ப்ராப்ரனலால் வீசிங் இருக்குறவங்களுக்கு ஆகவே ஆகாது, மூச்சுக்குழலை இறுக்கிரும். பக்கத்து வீட்டம்மாவுக்குக் கேக்குதுங்குறது அவங்களோட. அது நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும்தான் குறைக்கும், கவலையைக் குறைக்காது.

---

மேலூர்க்காரி பதில்:

செலவு கட்டுப்படியாகலேன்னா மதுரை அரசு பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்க, காலையிலயே ஓபி சீட்டு போட்டுறணும். மாத்திரை இலவசம். ஆனா இருப்புல உள்ளதைத்தான் குடுப்பாங்க. செர்ட்ராலின் 150-ல நல்லா இருக்குற ஆளுக்கு வேற மருந்து கைக்கு வந்தா அங்கேயே டாக்டர்கிட்ட திரும்பிப் போய்க் கேளுங்க, வீட்டுக்கு வந்து குழம்பாதீங்க. 100 மி.கி. மாத்திரை இல்லாம 50-ஆ ரெண்டு குடுத்தா அது ஒண்ணுதான். நடுவுல கோடு இருக்குற சாதா மாத்திரைன்னா பாதியா உடைக்கலாம். பேருக்குப் பின்னாடி சிஆர், எஸ்ஆர்னு (மெதுவாக் கரையுற வகை) இருந்தா உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

குடுத்த மாத்திரையை எண்ணி, முடியுற தேதியை அட்டையிலயே எழுதி, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி போயிருங்க. அழகர் ஆத்துல இறங்குற சமயம் கோரிப்பாளையத்துல ஆள் நகர முடியாது, பொங்கலுக்கும் நாலு நாள் வரிசையா லீவு வரும். அந்த மாதிரி இடைவெளியிலதான் மாத்திரை தீந்து போய் தலைக்குள்ள கரண்ட் அடிக்குதுன்னு ஓடி வர்றது. போறப்ப ரெண்டு பேரோட எல்லா அட்டையையும், பிரஷர், முட்டி வலி, நாட்டு மருந்துப் பொடி வரைக்கும், ஒரே பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. தம்பியோட ஷிஃப்ட் அட்டவணையையும் போன்ல வச்சுக்கங்க.